கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை

ஆனந்தராஜுக்குக் கார் கண்ணாடி மாட்டத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. முப்பத்தாறு வயதாகியும் அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கு இந்த ரெண்டாவதுதான் காரணம் என்பது அவன் அக்கா வனிதாவின் கட்சி. பெண் பார்க்கப் போன இடத்தில் "சொந்தக் கடையா தம்பி?" என்று கேட்டால், "வாடகைக் கடைங்க, ஷட்டர்கூட பாதிதான் எறங்கும்" என்று ஷட்டர் வரைக்கும் சொல்லிவிட்டு வருகிறவனை வைத்துக்கொண்டு அவளும்தான் என்ன செய்வாள்.

அப்படிப்பட்டவனுக்கு மணமேல்குடியில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் பெயர் செவந்தி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மூணு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு நிச்சயதார்த்தம் நடக்க இருந்தது. வாழைமரம் கட்டி, அம்பது பேருக்கு இலையும் போட்டபிறகு மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்தார். ரெண்டு நிமிஷம் பேசினார். சிக்னல் சரியில்லை என்றார். அவ்வளவுதான், அந்த மகராசனுக்கு இன்று வரைக்கும் சிக்னல் கிடைக்கவில்லை. அதனால் இந்தத் தடவை செவந்தி நகையைப் பற்றியோ சீரைப் பற்றியோ வாயைத் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். "நிச்சயத்தன்னைக்கு அவர் நேர்ல வரணும். ஆள் வரலைன்னா எதுவும் கிடையாது."

புதன்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை என்று நேரம் குறித்தாயிற்று. ஆனந்தராஜுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. தட்டு மாற்றுகிற நாள்வரை ஒரு கெட்டதும் நடந்துவிடக்கூடாது என்று ரோட்டைக் கடக்கும்போதுகூட நாலு தடவை பார்த்துக் கடந்தான்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த மனுஷன் செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டில் கிடந்திருக்கலாம். கிடந்தானா என்றால் இல்லை. கோபிநாத் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டான்.

கோபிநாத் கத்தாரில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவன். ஊர் மேலக்காட்டுப்பட்டி, திருவரங்குளத்துக்குத் தெற்கே. பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தான். மஞ்சள் நிறம், ரெண்டே கதவு. தரைக்கும் காருக்கும் நடுவில் ஒரு கோழிக்குஞ்சு நுழையலாம், கோழி நுழைய முடியாது. ஊர் எல்லையில் இருக்கிற வேகத்தடையைத் தாண்ட வேண்டுமென்றால் நாலு பேர் பலகை போட்டுக் கொடுக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கார் கடைக்கு வராமல் கடை காரிடம் போக வேண்டியதாயிற்று.

அந்தக் காரின் கதவில் கண்ணாடி உண்டு, கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கதவைத் திறந்தால் கண்ணாடி மொட்டையாக நிற்கும். கைப்பிடியைத் தொட்டதும் அது தானாக ஒரு விரல் அளவு கீழே இறங்கும், கதவைச் சாத்தியதும் தானாக ஏறி மேலே இருக்கிற ரப்பருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் அமைப்பே அப்படி. ஆனால் கோபிநாத்தின் தாய்மாமன் பிச்சைமுத்து இதைப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம், மருமகன் கார் கண்ணாடி நிற்கமாட்டாமல் இறங்குகிறதே என்று பதறிவிட்டார். ரெண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பால் கதவை ஒரு இடி இடித்துச் சாத்தினார். இடது பக்கக் கண்ணாடி கல்கண்டாக உதிர்ந்து அவர் வேட்டி மடிப்பில் விழுந்தது. "பழுது இருந்திருக்கு மாப்ளே, நான் பாத்ததுனால ஆச்சு" என்று அதற்கும் பெருமைதான்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த கண்ணாடியோடு காலை எட்டு மணிக்கு ஆனந்தராஜ் வேலையை ஆரம்பித்தான். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, உள்ளே கிடந்த சில்லுகளை உறிஞ்சி எடுத்து, புதுக் கண்ணாடியைக் கிளிப்பில் நிறுத்தினான். மாட்டுவது லேசு. நிறுத்துவதுதான் பாடு. சட்டம் இருக்கிற கண்ணாடியைச் சட்டம் பிடித்துக்கொள்ளும், இதைப் பிடிக்க யாருமில்லை. ஒரு நூல் வெளியே சாய்ந்தால் காற்று விசிலடிக்கும், ஒரு நூல் உள்ளே சாய்ந்தால் கதவு சாத்தும்போது கூரையில் இடிக்கும். அடியில் இருக்கிற போல்ட்டைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். பத்து மணிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை பதினொண்ணைத் தொட்டது. அப்போதாவது மூட்டையைக் கட்டியிருக்கலாம்.

"எறங்கி ஏறுறது சரியா இருக்குங்க. சத்தம் உள்ள வருதான்னு மட்டும் பாத்துருவோம்" என்றான் ஆனந்தராஜ். தொழில் சுத்தம் என்கிற வியாதி அவனுக்கு உண்டு.

ரெண்டு பேரும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி ஏறி ரப்பருக்குள் உட்கார்ந்தது. வெளியே பிச்சைமுத்து வாயை வாயை அசைத்தார், ஒரு எழுத்து உள்ளே வரவில்லை. கோபிநாத் பூரித்துப்போய் ஏசியைப் போட்டான், பாட்டைப் போட்டான். பிச்சைமுத்து இன்னும் வேகமாக வாயை அசைத்தார், கையைக் கையை ஆட்டினார். "மாமா ஆடுறாரு பாருங்க" என்று கோபிநாத் பாட்டைக் கூட்டினான். ஆறு பாட்டு ஓடியது.

கதவைத் திறந்தபோதுதான் கொட்டுச் சத்தம் காதில் விழுந்தது. பிச்சைமுத்துவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"ஏப்பா, மைக் குழாய்ல அரை மணி நேரமா கத்துறாங்களேப்பா. முத்துமாரியம்மன் கோயில்ல காப்புக் கட்டப்போறாங்க, வெளியூர் ஆளுக பதினொன்றரைக்குள்ள கெளம்பிருங்கன்னு. நானும் தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க சிரிக்கிறீங்க."

மணி பதினொண்ணு நாற்பது. காப்புக் கட்டியாயிற்று.

மேலக்காட்டுப்பட்டியின் வழக்கம் இது. காப்புக் கட்டுகிற நிமிஷத்தில் எல்லைக்குள் யார் யார் இருக்கிறார்களோ அவர்களெல்லாம் ஊர்க்காரர்கள். எட்டு நாளைக்கு, பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். மீறினால் மீறினவனுக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது. முன்னொரு வருஷம் இப்படித்தான் ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு சிரித்துவிட்டுப் போனார். மூணாம் நாள் அவருக்கு அம்மை போட்டது, ஏழாம் நாள் அவரிடம் பாலிசி எடுத்த அத்தனை பேருக்கும் போட்டது.

"எனக்கு நாளைக்குச் சாயங்காலம் நிச்சயதார்த்தம்" என்றான் ஆனந்தராஜ். குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவனும் சாமிக்குப் பயந்தவன்தான். வருஷா வருஷம் நார்த்தாமலைக்குப் பால்குடம் எடுக்கிறவன் மாரியம்மாளை எப்படிப் பகைப்பான்? போகாமல் இருந்தால் செவந்தி போய்விடுவாள். போனால் ஒரு ஊருக்கே ஆகாது. அவன் காருக்குப் பக்கத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் சின்னப்பிள்ளையிடம் போனது. சின்னப்பிள்ளை அந்த ஊரின் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். பதவிக்காலம் முடிந்துவிட்டது, ஊருக்குத் தலைவர் என்று கூப்பிடுகிற பழக்கம் முடியவில்லை. அந்தம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன்ல பேசி நாளைத் தள்ளிப்போடச் சொல்லுங்க தம்பி."

"முடியாதுங்க. அவங்க ஒரு தடவை போனை நம்பிக் கெட்டவங்க."

முழுக் கதையையும் சொன்னான். ஷட்டரையும் சேர்த்துத்தான் சொன்னான். கேட்டு முடித்த சின்னப்பிள்ளைக்கு மனசு இளகிவிட்டது. பூசாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்று சாயங்காலமே கோயில் வாசலில் பேச்சு நடந்தது.

"ஆறு வருஷத்துக்கு முன்னால பிரசவத்துக்குப் போன பிள்ளைக்கு என்ன செஞ்சோம்?" என்று சின்னப்பிள்ளை கேட்டார்.

"ஊர்ப் பிடிமண்ணைத் தலைமாட்டுல வச்சோம். மண்ணு மேல இருந்தா ஊருக்குள்ள இருக்கிற மாதிரிதான்" என்றார் பூசாரி. "ஆனா அது ஆபத்து. இது நல்ல காரியம். மண்ணு மட்டும் பத்தாது. ஊர்க் காத்தும் வேணும்."

"காத்தை எப்படிக் கொண்டுபோறது?"

பிச்சைமுத்து கனைத்தார்.

"நம்ம மாப்ள கார் இருக்குல்ல. அதுல காத்துப் போகாது. நான் அரை மணி நேரம் கத்தி, ஒரு சொல்லு உள்ள போகலை."

எல்லாரும் ஆனந்தராஜைப் பார்த்தார்கள். "கண்ணாடி காத்தைத் தாங்குமா தம்பி?" என்று பூசாரி கேட்டார். தாங்காது என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் அவன் விட்டுக்கொடுக்கமாட்டான். "நான் மாட்டுன கண்ணாடி தாங்கும்" என்றான்.

புதன்கிழமை மத்தியானம் காருக்குள் கோயில் மண்ணை நாலு சட்டி கொண்டுவந்து பரப்பினார்கள். கோபிநாத் கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நின்றான், காலடியில் அவன் விரித்திருந்த வெள்ளை மேட் அப்படி. கைப்பிடியில் வேப்பிலை கட்டினார்கள். ரெண்டு கதவையும் விரியத் திறந்து வைத்து, பூசாரி துண்டை வீசி ஊர்க் காற்றை உள்ளே தள்ளினார். "போதும், நெறைஞ்சிருச்சு" என்று அவர் சொன்னதும் ஏறினார்கள். கோபிநாத் ஓட்டினான். ஆனந்தராஜ் பட்டு வேட்டி சட்டையோடு இடது பக்கம் உட்கார்ந்து செருப்பில்லாத காலை மண்ணில் வைத்துக்கொண்டான். காத்துக்கும் மண்ணுக்கும் சாட்சியாகச் சின்னப்பிள்ளையும் பிச்சைமுத்துவும் பின்னால் ஏறினார்கள். அந்தக் காரின் பின்சீட்டு கைக்குழந்தைக்குச் செய்தது. ரெண்டு பேருக்கும் முழங்கால் தாடையில் இடித்தது.

"கதவு தொறந்தா கண்ணாடி ஒரு விரல் எறங்கும். அந்த ஒரு விரல்ல ஊர் வெளிய போயிரும். அதனால தொறக்கப்படாது, கண்ணாடியையும் எறக்கப்படாது. திரும்பி வந்து எல்லையில எறங்குங்க" என்று பூசாரி உத்தரவு போட்டார்.

வேகத்தடையில் பலகை போட்டு வழியனுப்பினார்கள். ஆலங்குடி தாண்டும்போது, பிச்சைமுத்து மத்தியானம் மொச்சைக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டிருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கோபிநாத்தின் கை ஜன்னல் பித்தானுக்குப் போனது. "கைய எடு. அதுவும் ஊர்க் காத்துதான்" என்றார் சின்னப்பிள்ளை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

அறந்தாங்கியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினார். இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். கோபிநாத் ஆர்.சி. புக்கைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார். தரையில் மண், கைப்பிடியில் வேப்பிலை, முன்னால் பட்டுச்சட்டையில் வியர்த்துக்கொண்டு ஒருத்தன், பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு அம்மா. தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வழி விட்டார்.

மணமேல்குடி போய்ச் சேரும்போது ஆறேகால். செவந்தி வீட்டு வாசலில் பந்தல், வாழைமரம், டியூப் லைட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள். வனிதா சொந்தக்காரர்களோடு முன்னாலேயே வேனில் வந்து தட்டுகளை அடுக்கியிருந்தாள். கார் பந்தலை ஒட்டி வந்து நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். கதவு திறக்கவில்லை.

செவந்தியின் அப்பா ராசு குனிந்து பார்த்தார். கும்பிட்டார். ஆனந்தராஜ் உள்ளிருந்தபடியே கும்பிட்டான். அவர் "வாங்க" என்றார், வாய் அசைந்தது. அவன் தலையை ஆட்டினான். வனிதா ஓடிவந்து, தம்பி போனில் சொல்லியிருந்ததை ராசுவிடம் காப்பு, மண், காற்று என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வது தெரிந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்துகொண்டே போனது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒரு அம்மா கேசரித் தட்டைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் காட்டிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பக் கொண்டுபோனாள். பின்சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

அப்போது கூட்டம் விலகியது. செவந்தி வந்தாள். மாம்பழ நிறப் பட்டு, தலை நிறையப் பூ. கார்ப் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டாள். ஒரு எழுத்துக்கூட உள்ளே வரவில்லை. ஆனந்தராஜுக்குத் தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வேலைமேல் ஆத்திரம் வந்தது. அவள் கையிலிருந்த போனில் எண்ணை அழுத்தினாள். அவன் மடியில் போன் அடித்தது.

"அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க" என்றாள். "இந்தக் காருக்குள்ள இருக்கிறது உங்க சாமி ஊரு, அப்படித்தான?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

பின்னால் ரெண்டு சாட்சிகளும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க. வந்துட்டீங்களா, வரலையா?"

வந்துவிட்டேன் என்றால் எல்லை தாண்டினதாகும். வரவில்லை என்றால் எல்லாம் முடிந்தது. வேறு ஒருத்தனாக இருந்தால் ரெண்டுக்கும் நடுவில் ஏதாவது இனிப்பாகப் பேசியிருப்பான். இவன் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாழைமரத்துக்குப் பக்கத்தில், அம்பது பேர் பார்க்க அவள் ரெண்டாவது தடவையாக நின்றுகொண்டிருந்தாள்.

"இவங்க கணக்குப்படி நான் இன்னும் மேலக்காட்டுப்பட்டியிலதாங்க இருக்கேன்" என்றான்.

"அப்ப வரலை."

"வரலைங்க."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். காதிலிருந்து போனை இன்னும் எடுக்கவில்லை.

"இப்ப வாரேன்" என்றான் ஆனந்தராஜ்.

கைப்பிடியை இழுத்தான். கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது, பந்தலின் சத்தம் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. "ஆத்தா, குத்தம் எல்லாம் எம்மேல இருக்கட்டும், ஊரை விட்ரு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு கதவைத் தள்ளினான். வலது காலை எடுத்து மணமேல்குடித் தரையில் வைத்தான். ஒட்டியிருந்த மண் கொஞ்சம் உதிர்ந்தது. இடது காலையும் வைத்தான்.

பிச்சைமுத்து, "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சின்னப்பிள்ளை முன்சீட்டை மடக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே இறங்கினார். மூக்கிலிருந்து முந்தானையை எடுத்து ஒரு முழு மூச்சு இழுத்துவிட்டார். அப்புறம் காரைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், மண் ஒட்டின காலோடு நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"கதவு தொறந்தாச்சு. உள்ள இருந்த ஊர்க் காத்து அம்புட்டும் இந்தப் பந்தல்ல பரவிருச்சு" என்றார். "அதனால காப்பு அவுக்கிற வரைக்கும் இதுவும் மேலக்காட்டுப்பட்டிதான். நான் சொல்றேன்."

"அப்ப நாங்க?" என்று ராசு திகைத்துப்போய்க் கேட்டார்.

"நீங்களும் இனிமே ஊர்க்காரங்கதான். எட்டு நாளைக்கு வெளியூர்ல தங்காதீங்க."

"நாங்க எங்கம்மா போகப்போறோம், வீட்டுலதான் இருப்போம்."

"அப்ப ஒரு குத்தமும் இல்லை. தம்பி, நீங்க சாப்பிட்டு எங்களோட திரும்பிரணும். மிச்ச நாளைக்குக் காலையில கோயில் வாசல் கூட்டுறது ஒங்க வேலை." சொல்லிவிட்டு அந்தம்மா கேசரித் தட்டு போன திசையில் நடந்தார்.

ஆனந்தராஜ் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. செவந்தியும் அசையவில்லை. ரெண்டு அடி தூரம்தான், நடுவில் கண்ணாடிகூட இல்லை. ரெண்டு பேர் காதிலும் போன் அப்படியே இருந்தது.

"வந்துட்டேங்க" என்றான் அவன், போனில்.

"தெரியுது" என்றாள் அவளும் போனிலேயே. "வாங்க."

அவன் உள்ளே போனான். போனைக் கட் பண்ண ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை, தட்டு மாற்றி முடிகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டே இருந்தது.